வட கரோலினாத் தமிழ்க் குடும்பங்களுக்கு: ஈப்பொறியை விதையிலிருந்து வளர்ப்போம்

அன்புள்ள கேரி, மாரிஸ்வில், ஏபெக்ஸ், ராலே வட்டாரத் தமிழ்க் குடும்பத்தாருக்கு,



கோடை பிறக்கும்போது இங்குள்ள கடைகளில், பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில், சின்னப் பிளாஸ்டிக் மூடிகளுக்குள் வீனஸ் ஃப்ளைட்ராப் என்னும் ஈப்பொறிச் செடிகள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. பிள்ளைகள் கேட்காமல் இருப்பார்களா? வாங்கிக் கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்த அன்றே அதன் வாய்கள் ஒவ்வொன்றையும் பென்சில் முனையால் தொட்டு மூடவைத்துப் பார்க்கிறார்கள். நாம் குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சமையலறை ஜன்னலில் வைக்கிறோம். பள்ளி திறப்பதற்குள் இலைகள் கறுக்கத் தொடங்குகின்றன. குளிர் வருவதற்குள் செடி குப்பைத் தொட்டிக்குப் போய்விடுகிறது. அடுத்த கோடையில் இன்னொன்று. பல வீடுகளில் இதைப் பார்த்துவிட்டேன். இந்தச் சுற்று நிற்க வேண்டும் என்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். இந்த ஆண்டு செடிக்குப் பதில் விதை வாங்குங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து விதைத்து வளர்த்துப் பாருங்கள்.

வேறு மாநிலத்தில் இருக்கும் தமிழர்களுக்கு இதை இத்தனை அழுத்தமாக எழுதமாட்டேன். நமக்கு எழுதக் காரணம் உண்டு. இந்தச் செடி தானாக முளைத்து வளரும் இடம் உலகத்திலேயே ஒன்றுதான். வில்மிங்டனை நடுவில் வைத்துச் சுமார் நூறு மைல் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், வட கரோலினாவிலும் தென் கரோலினாவிலும் அந்த வட்டத்துக்குள் விழும் கடலோரச் சமவெளிதான் அதன் பூர்வீகம். ஃப்ளோரிடாவில் சில இடங்களில் யாரோ கொண்டுபோய் நட்டது பரவியிருக்கிறது, அவ்வளவே. நம் வீட்டு வாசலிலிருந்து ஐ-40 சாலையில் ஏறினால் இரண்டு மணி நேரம். சாலை முடிகிற ஊரே வில்மிங்டன்தான். 2005-இல் வட கரோலினா இதைத் தன் மாநில ஊனுண்ணித் தாவரமாக அறிவித்தது. நம் பிள்ளைகள் பிறந்து வளரும் மண்ணின் செடி இது. அதைப் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் விளையாட்டுப் பொருளாக மட்டும் அவர்கள் அறிந்து வளர்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

விதையிலிருந்து என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இந்தச் செடியின் வரலாறும் ஒரு காரணம். 1759-இல் வட கரோலினாவின் ஆளுநர் ஆர்தர் டாப்ஸ், லண்டனில் இருந்த பீட்டர் காலின்சன் என்ற தாவர ஆர்வலருக்கு எழுதிய கடிதத்தில்தான் இதைப் பற்றிய முதல் எழுத்துக் குறிப்பு இருக்கிறது. 1768-இல் ஜான் எல்லிஸ் இதற்கு டயோனியா மஸ்சிபுலா என்று அறிவியல் பெயர் சூட்டி, காய்ந்த இலையையும் பூவையும் ஒரு படத்தையும் ஸ்வீடனில் இருந்த லின்னேயஸுக்கு அனுப்பினார். செடி பூச்சியைத் தின்கிறது என்று எல்லிஸ் ஊகித்துவிட்டார். லின்னேயஸ் ஏற்கவில்லை. தொட்டால் சிணுங்கும் செடிகளில் இதுவும் ஒன்று, பூச்சி துள்ளுவதை நிறுத்தியதும் இலை திறந்து அதை விட்டுவிடும் என்றே அவர் நினைத்தார். தாவர உலகத்துக்கே பெயர் வைத்த மேதைக்கு எங்கே சறுக்கியது? அவர் கையில் இருந்தது காய்ந்த இலை. உயிருள்ள செடியை வைத்துக்கொண்டு நாள் கணக்கில் பார்த்திருந்தால் பத்தே நாளில் விடை கிடைத்திருக்கும்.

அப்படிப் பார்த்தவர்களுக்குக் கிடைக்கவும் செய்தது. வில்மிங்டனில் இருந்த மோசஸ் ஆஷ்லி கர்ட்டிஸ் என்ற பாதிரியார், காட்டிலேயே இந்தச் செடிகளைக் கவனித்து 1834-இல் எழுதினார். இலையின் உட்புறத்தில் இருக்கும் மெல்லிய முடிகளைத் தொட்டால்தான் பொறி மூடுகிறது என்பதையும், மூடிய இலைக்குள் பிசுபிசுப்பான ஒரு திரவம் பூச்சியைச் சூழ்ந்திருப்பதையும் சரியாகச் சொன்னவர் அவர். பிறகு சார்லஸ் டார்வின் உயிருள்ள செடிகளை வைத்துச் சோதனை செய்து, ஊனுண்ணித் தாவரங்கள் பற்றி 1875-இல் வெளியிட்ட நூலில் செரிமானத்தை ஐயமறக் காட்டினார். அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பர்டன்-சாண்டர்சன் என்ற உடலியல் அறிஞர் 1873-இல் இந்த இலையில் மின் துடிப்பு ஓடுவதை அளந்தார். நரம்பே இல்லாத ஓர் இலையில், நம் நரம்பில் ஓடுவதைப் போன்ற துடிப்பு! இந்தச் செடியை வளர்த்தும் காத்திருந்தும் பார்த்தவர்களே அறிந்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் அந்த வழியே கிடைக்கட்டும் என்கிறேன்.

இன்று தெரிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பிள்ளைகள் கேட்பார்கள். பொறியின் ஒவ்வொரு மடலிலும் பெரும்பாலும் மூன்று உணர்முடிகள் இருக்கும். ஒரு தடவை தொட்டால் ஒன்றும் நடக்காது. சுமார் இருபது விநாடிகளுக்குள் இரண்டாவது தடவை தொட்டால் மூடிக்கொள்ளும். ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில். மழைத்துளி விழுந்தோ சருகு விழுந்தோ ஏமாறாமல் இருக்கத்தான் இந்த இரண்டு தடவைக் கணக்கு. மூடிய பிறகும் உள்ளே இருக்கும் பூச்சி துள்ளித் துள்ளி முடிகளைத் தொட்டுக்கொண்டே இருந்தால்தான், ஏறக்குறைய ஐந்தாவது தொடுகையிலிருந்து, செரிமான நொதிகள் சுரக்கத் தொடங்கும். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழுவினர் 2016-இல் இதை வெளியிட்டார்கள். செடி எண்ணுகிறது என்று பிள்ளைகளிடம் தாராளமாகச் சொல்லலாம். ஒரு பூச்சியைச் செரித்து முடிக்க ஐந்து முதல் பன்னிரண்டு நாள் வரை ஆகும். ஒரு பொறி தன் வாழ்நாளில் சில தடவைதான் வேலை செய்யும், பிறகு கறுத்து உதிரும். பென்சிலால் தொட்டு மூடவைப்பது ஏன் கூடாது என்பதற்கு இதுவே விளக்கம். இரை இல்லாமல் மூடும் ஒவ்வொரு தடவையும் செடிக்கு நட்டம். ஈப்பொறி என்று பெயர் இருந்தாலும் காட்டில் அதன் இரை பெரும்பாலும் எறும்பும் சிலந்தியும்தான்; பறப்பவை கொஞ்சமே.

நம் ஊரிலும் இதற்கு உறவு உண்டு. சித்த மருத்துவர்கள் அழுகண்ணி என்று சொல்லும் செடியைப் பெரியவர்கள் அறிந்திருப்பீர்கள். இலையெல்லாம் பசைத்துளிகளோடு மின்னும் டிரோசெரா அது. ஈப்பொறியும் அதே குடும்பம்தான்.

திருட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். காட்டில் இருக்கும் ஈப்பொறிகளைத் தோண்டி எடுத்து விற்பது இந்தப் பக்கத்தில் நெடுநாளாக நடந்துவருகிறது. 2013-இல் வில்மிங்டன் நகரத்துக்குள்ளேயே இருக்கும் ஸ்டான்லி ரேடர் ஊனுண்ணித் தாவரத் தோட்டத்தில் ஆயிரம் அளவுக்குச் செடிகளை ஒரேயடியாகத் தோண்டிக்கொண்டு போனார்கள். ஊர் மக்கள் நடந்து பார்க்கத் திறந்துவைத்த இடம் அது. 2014 டிசம்பர் முதல், இந்தச் செடி இயற்கையாக வளரும் கவுண்டிகளில் அதைத் திருடுவது சிறைத் தண்டனைக்குரிய பெருங்குற்றம் ஆனது. அடுத்த மாதமே, 2015 ஜனவரியில், ஹாலி ஷெல்டர் வனப்பகுதியில் 970 செடிகளோடு நான்கு பேர் பிடிபட்டார்கள். தோண்டுபவனுக்கு ஒரு செடிக்குக் கிடைப்பது சில்லறைக் காசு. அந்தச் செடி அங்கே அந்த அளவுக்கு வளர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பது விதை போட்டு வளர்த்தவருக்குத்தான் உறைக்கும்.

கடையில் விற்பவை எல்லாம் திருட்டுச் செடி என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு முறையில் பெருக்கப்பட்டவை, அவற்றில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் சந்தையோரத்திலோ இணையத்திலோ முகம் தெரியாத ஒருவர் வேரோடும் மண்ணோடும், கூடவே புல்லோடும் சேர்த்து விற்றால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். விதையில் இந்தச் சந்தேகம் பெரும்பாலும் எழுவதில்லை. ஊனுண்ணித் தாவரங்களை வளர்ப்பவர்கள் தங்கள் செடியில் விளைந்த விதையை விற்கிறார்கள், பலர் சும்மாவே கொடுக்கிறார்கள். இணையத்தில் நீல நிறம், வானவில் நிறம் என்று படம் போட்டு விற்கும் விதைகளை மட்டும் தொடாதீர்கள். ஈப்பொறியில் பச்சையும் சிவப்பும் அவற்றின் கலவையும்தான் உண்டு. நீலம் கிடையாது. அப்படி வாங்கியவர்களுக்கு முளைத்தது ஏதோ ஒரு களை.

விதை எப்படி இருக்கும்? கன்னங்கரேலென்று, பளபளப்பாக, ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அளவில், ஒரு முனை சற்றுக் குறுகி இருக்கும். கடுகைவிடச் சிறியது. மே, ஜூன் மாதங்களில் செடி வெள்ளைப் பூப் பூக்கும். பூத்தண்டு பொறிகளுக்கு மேலே வெகு உயரத்தில் நிற்கும். மகரந்தம் கொண்டுவரும் பூச்சியைத் தின்றுவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு உதவுகிறது என்பார்கள். ராலேயில் இருக்கும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் காட்டில் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, இதற்கு மகரந்தச் சேர்க்கை செய்யும் முக்கியமான பூச்சிகள் ஒரு சிறிய பச்சைத் தேனீயும் இரண்டு வகை வண்டுகளும். அந்தத் தேனீயோ வண்டுகளோ பொறிக்குள் அகப்படவில்லை. நம் கொல்லைப்புறத்தில் அந்தப் பூச்சிகள் வரும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. மெல்லிய தூரிகையால் நாமே மகரந்தத்தைத் தொட்டு வைக்கலாம். ஒரு பூவில் மகரந்தம் முதலில் முதிரும், சூலகமுடி ஓரிரு நாள் கழித்துத்தான் தூரிகை நுனி போல விரிந்து ஏற்கத் தயாராகும். ஆகவே புதிதாகத் திறந்த பூவிலிருந்து எடுத்து, நேற்றுத் திறந்த பூவில் வைக்க வேண்டும். நாலைந்து வாரத்தில் விதை கறுத்து வெளியே தெரியும்.

இனி விதைப்பு. இங்கேதான் நம் ஊர்த் தோட்டக்காரக் கைகள் கட்டுப்பட வேண்டும்.

தொட்டியில் உரம் என்று எதுவும் இருக்கக் கூடாது. மண்புழு உரம், சாணம், பஞ்சகவ்யம், அரிசி கழுவிய தண்ணீர், மோர், தேயிலைச் சக்கை, எதுவுமே வேண்டாம். கத்தரிக்கும் கறிவேப்பிலைக்கும் நாம் அன்போடு ஊற்றுவதெல்லாம் இதற்கு நஞ்சு. இந்தச் செடி பிறந்த நிலம் சத்தே இல்லாத, புளித்த, ஈரமான மணல். அந்த நிலத்தில் தழைச்சத்து கிடைக்காததால்தான் அது பூச்சி பிடிக்கவே கற்றுக்கொண்டது. வேருக்கு உப்பைத் தாங்கும் பழக்கம் இல்லை. கடையில் விற்கும் தொட்டி மண் பைகளில் பெரும்பாலும் உரம் கலந்திருக்கும். லேபிளைப் படித்துப் பாருங்கள். உரம் சேராத பீட் மாஸ் ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு போதும். பெர்லைட்டுக்குப் பதிலாகக் கழுவிய சிலிக்கா மணலும் சேர்க்கலாம். தென்னை நார்த்தூள் கைவசம் இருக்கிறதே என்று தோன்றும். அதில் பல நேரம் உப்புத் தங்கியிருக்கும், தவிர்ப்பது நல்லது. மண்தொட்டியும் வேண்டாம், அதிலிருந்தும் உப்பு கசியும். அடியில் ஓட்டை உள்ள நான்கு அங்குலப் பிளாஸ்டிக் தொட்டியே போதுமானது.

தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது. குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் வாரக்கணக்கில் தொட்டியில் சேர்ந்து வேரைக் கொல்லும். மழைநீர், டிஸ்டில்டு தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் ஆகிய மூன்றில் ஒன்று. நம் வட்டாரத்தில் ஆண்டுக்கு நாற்பது அங்குலத்துக்கு மேல் மழை பெய்கிறது. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்கு அடியில் ஒரு பீப்பாயோ, மாடத்தில் ஒரு வாளியோ வைத்தால் ஓராண்டுக்கு வேண்டிய தண்ணீர் சேர்ந்துவிடும். உப்பளவு பார்க்கும் சின்னக் கருவி பலர் வீட்டு ஆர்.ஓ. எந்திரத்தோடு வந்திருக்கும். அது 50-க்குக் கீழே காட்டினால் நிம்மதியாக ஊற்றலாம். மேலே இருந்து ஊற்றாதீர்கள், விதை அடித்துக்கொண்டு போய்விடும். தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர் வைத்து அதில் தொட்டியை நிறுத்துங்கள். மண் கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும்.

கலவையை முதலில் நன்றாக நனைத்துவிட்டு, விதையை மேலே தூவுங்கள். மண்ணால் மூடக் கூடாது, அதற்கு வெளிச்சம் வேண்டும். புத்தம்புது விதையானால், ஜூலையில் பறித்ததும் நேரே விதைத்துவிடலாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த பழைய விதையானால், ஈரப் பஞ்சுப் பாசியிலோ ஈரத் தாளிலோ வைத்து, ஜிப் பையில் போட்டு, நான்கு முதல் ஆறு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து விதைத்தால் ஒன்றுபோல் முளைக்கும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. விதைத்த தொட்டியை மெல்லிய பிளாஸ்டிக்கால் மூடி, ஈரமும் இளஞ்சூடும் உள்ள வெளிச்சமான இடத்தில் வையுங்கள். தொட்டிக்குள் 21 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் வசதி. நேர் வெயிலில் பிளாஸ்டிக்கோடு வைத்தால் உள்ளே வெந்துவிடும். எல்.இ.டி. குழல்விளக்குக்குக் கீழே நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வைப்பவர்களும் உண்டு, நன்றாக வருகிறது.

இரண்டு மூன்று வாரத்தில் முதல் முளைகள் தெரியும். சில விதைகள் இன்னும் பல வாரம் கழித்து எழும், ஆகவே முளைக்காத தொட்டியை அவசரப்பட்டுக் கொட்டாதீர்கள். முதலில் வருவது ஊசி போன்ற இரண்டு வித்திலைகள், சிலவற்றின் தலையில் விதையின் கறுப்புத் தோல் தொப்பிபோல ஒட்டியிருக்கும். அடுத்து வரும் முதல் இலையை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அந்த இலையின் நுனியிலேயே பொறி இருக்கும்! ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில், ஓரத்துப் பற்களோடு, உள்ளே உணர்முடிகளோடு, முழுமையான பொறி. அது வேலையும் செய்யும். தாயின் உதவி இல்லாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், பிறந்த சில வாரத்தில் பூச்சிக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது. கடையில் வாங்கிய பெரிய செடியில் இந்தக் காட்சி கிடைக்காது. நான் விதையை வலியுறுத்துவதற்கு வேறு காரணம் எதுவும் இல்லாவிட்டாலும் இது ஒன்றே போதும்.

முளைத்ததும் பிளாஸ்டிக்கைச் சில நாட்களில் மெல்ல மெல்ல விலக்குங்கள். மூடியே வைத்திருந்தால் பூஞ்சணம் வந்து நாற்றுகள் அடியில் அழுகிச் சாயும். நாற்றுகளுக்கு இரை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கொடுத்தால் வளர்ச்சி வேகமாக இருக்கும். உலர்ந்த இரத்தப்புழு என்று மீன் தீவனக் கடையில் விற்பதைப் பொடித்து, ஈரப்படுத்தி, தூள் அளவு ஒன்றைப் பொறிக்குள் வைத்து, மூடியதும் ஒரு நாரால் பக்கவாட்டில் மெல்ல நீவ வேண்டும். நீவினால்தான் உயிருள்ள இரை துள்ளுவதாக நினைத்துச் செரிக்கத் தொடங்கும். கோழித் துண்டும் சீஸும் வேண்டாம், அழுகிப் பொறியையும் கெடுக்கும். ஓராண்டு கழித்து நாற்றுகளைத் தனித்தனித் தொட்டிக்கு மாற்றலாம்.

அடுத்தது குளிர்காலம். கடைச்செடிகள் பெரும்பாலும் தோற்கும் இடம் இது. நவம்பரில் பகல் குறுகியதும் வளர்ந்த ஈப்பொறி தூங்கப் போகும். உயர்ந்து நின்ற இலைகள் கறுக்கும், புதியவை குட்டையாகத் தரையோடு படுத்திருக்கும், பொறிகள் அசையா. செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிகிறோம். மண்ணுக்கடியில் வெண்மையான கிழங்கு உயிரோடு இருக்கும். மூன்று நான்கு மாதம் பத்து டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும் அதற்கு. அது கிடைக்காவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்து இறக்கும். சூடேற்றிய வரவேற்பறையில் வைத்துக் காப்பாற்றுகிறோம் என்று எண்ணுபவர்கள் உண்மையில் அதைத் தூங்கவிடாமல் வாட்டுகிறார்கள். கேரியின் குளிர்காலம் இதற்குப் பொருத்தமானது. வெளியிலேயே விடலாம். கடும் உறைபனி வரும் இரவுகளில் மட்டும் தொட்டியைத் தரையோடு சுவரோரம் தள்ளி, நம் வீட்டுப் பூச்செடிப் பாத்திகளில் போடும் பைன் சருகை மேலே அள்ளிப் போட்டால் போதும். காட்டிலும் அதன்மேல் விழுவது நீள்இலைப் பைன் மரத்தின் சருகுதானே. முதல் ஆண்டு நாற்றுகளைச் சிலர் விளக்குக்குக் கீழே வைத்துக் குளிரைத் தவிர்க்கச் செய்கிறார்கள், அது தவறில்லை. இரண்டாம் ஆண்டு முதல் தூங்கவிடுங்கள். பிப்ரவரி கடைசியில் கிழங்கின் நடுவிலிருந்து புதுத் தளிர் எழும்போது, கறுத்ததைக் கத்தரித்துவிட்டு நல்ல வெயிலில் வையுங்கள். வளர்ந்த செடிக்கு நேர் வெயில் நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும்.

செடி முழு வளர்ச்சி அடைய மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். இதைச் சொன்னதும் பெற்றோர் பலர் பின்வாங்குவதைப் பார்க்கிறேன். அறிவியல் கண்காட்சிக்கு வேண்டும், ஆறு வாரத்தில் முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். மூன்றாம் வகுப்பில் விதைத்த பிள்ளை எட்டாம் வகுப்பில் தன் செடியின் முதல் பூவைப் பார்ப்பாள். இடையில் அவளே எழுதிவைத்த குறிப்பேட்டில் ஐந்து குளிர்காலம் இருக்கும். எந்த நாளில் முளைத்தது, எந்தப் பொறி எத்தனை நாளில் திறந்தது, மழைநீருக்கும் டிஸ்டில்டு தண்ணீருக்கும் வேறுபாடு தெரிந்ததா என்று அவள் அளந்து வைத்திருப்பாள். ஒரே காயின் விதைகளிலிருந்து வந்த செடிகள் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று உள்ளே சிவந்திருக்கும், ஒன்று வெளுத்தே இருக்கும், ஒன்றின் பல் குட்டையாக இருக்கும். பெயர் பெற்ற ரகங்களின் விதையைப் போட்டாலும் அதே ரகம் வராது. மரபியல் பாடம் தொட்டியிலேயே இருக்கிறது. எந்தக் கண்காட்சிக்கும் அது போதும், கண்காட்சி இல்லாவிட்டாலும் போதும்.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அன்பளிப்பாக இதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். 1992 முதல் இது சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, உயிருள்ள செடியை எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தந்த நாட்டின் தாவரத் தடுப்புக்காப்பு விதிகள் வேறு. அதையெல்லாம் வாங்கினாலும், குளிர்காலமே இல்லாத கடற்கரை ஊரில் அது தூக்கமில்லாமல் மெலிந்துபோகும்.

நம் தொட்டியில் வளர்ந்த செடியையோ விதையையோ காட்டில் கொண்டுபோய் விடுவதும் கூடாது. நல்ல எண்ணத்தோடு செய்பவர்கள் இருக்கிறார்கள். எங்கெங்கோ கலந்து வந்த ரகங்களின் மகரந்தம் காட்டுச் செடிகளோடு சேர்ந்தால், பல்லாயிரம் ஆண்டாக அந்த மண்ணில் தேறிய மரபு கலங்கிவிடும். காட்டுக்குத் தேவை நம் விதை இல்லை. அதற்குத் தேவை நிலமும் நெருப்பும். நெருப்பு என்றால் திகைக்காதீர்கள். நீள்இலைப் பைன் காடுகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஓடும் தீ, புதரையும் உயரப் புல்லையும் எரித்து, தரையோடு வாழும் இந்தச் சின்னச் செடிக்கு வெயிலைத் திறந்துவிடுகிறது. கிழங்கு மண்ணுக்கடியில் இருப்பதால் தப்பிக்கும். தீ வராத இடத்தில் நிழலில் அது காணாமல் போகும். வர்ஜீனியாவிலிருந்து டெக்சஸ் வரை ஒரு காலத்தில் 9 கோடி ஏக்கர் பரந்திருந்த இந்தப் பைன் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது சிறு பங்கு. மிஞ்சிய இடத்தைச் சுற்றிலும் வீட்டுமனைகள் எழுகின்றன. பக்கத்தில் வீடுகள் வந்துவிட்டால் புகைக்கும் தீக்கும் அஞ்சி, திட்டமிட்டு மூட்டும் தீயையும் தள்ளிப்போட நேர்கிறது. வில்மிங்டனுக்குப் பக்கத்திலிருக்கும் பிரன்ஸ்விக் கவுண்டி நாட்டிலேயே வேகமாக மக்கள் குடியேறும் கவுண்டிகளில் ஒன்று. 2023-இல் மத்திய வனவிலங்குத் துறை இதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடத் தேவையில்லை என்று முடிவு செய்தது. பாதுகாக்கப்பட்ட காடுகளில் நல்ல தொகையாக இருக்கிறது என்பது அதற்குக் காரணம். அந்தக் காடுகளைப் பாதுகாப்பவர்கள் கைவிட்டால் கணக்கு மாறிவிடும் என்றே நான் எண்ணுகிறேன். எனவே திட்டமிட்ட தீயின் புகையைப் பற்றி அக்கம்பக்கத்தில் யாராவது முணுமுணுத்தால், அது எதற்கு என்று எடுத்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். கரோலினா பீச் மாநிலப் பூங்காவில் ஈப்பொறிப் பாதை என்றே ஒரு சிறிய நடைபாதை இருக்கிறது, பாட்டியும் நடக்கலாம். கிரீன் ஸ்வாம்ப் காப்பகத்தில் பைன் மரங்களுக்கு இடையே ஈரப் புல்வெளியில் தேடிப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குச் சாப்பல் ஹில்லில் வட கரோலினாத் தாவரவியல் தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே ஊனுண்ணித் தாவரங்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. வீட்டில் மழைநீர் ஊற்றி ஒரு நாற்றை வளர்த்த பிள்ளை காட்டில் ஒரு செடியைக் கண்டால் குனிந்து பார்ப்பாள். தொடமாட்டாள். பாதையை விட்டு இறங்கி மிதிக்கவும் மாட்டாள். செடி இருக்கும் இடத்தைப் படத்தோடு இணையத்தில் போட வேண்டாம் என்று மட்டும் பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். திருடர்களுக்கு வழி காட்டியதாகிவிடும்.

என் வீட்டுச் செடிகளில் இந்த ஆண்டும் பூ நிறைய வந்திருக்கிறது. ஜூன் கடைசியில் விதை கறுத்துவிடும். ஜூலையில் தமிழ்ப் பள்ளிக் குடும்பங்களில் கேட்பவர்களுக்கெல்லாம் ஒரு பொட்டலம் தருகிறேன், காசு வேண்டாம். பீட் மாஸும் பெர்லைட்டும் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள், அடுத்த மழைக்கு முன் ஒரு வாளியை வெளியே வையுங்கள்.

அன்புடன்,
கேரியிலிருந்து உங்களில் ஒருவர்